பூஜ்யம் காட்டிய திரை

காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் முதன்மை சர்வர் படுத்துவிட்டது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. அதில் ஏறும் விவரமெல்லாம் அடுத்த கட்டடத்து நகல் சர்வருக்கும் உடனுக்குடன் போய்விடும். நகல் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்று காட்ட ஒரு திரை உண்டு. அதில் பூஜ்யம். நகலுக்கு மாற்றிவிட்டு, "ஒரு வரிகூடப் போகலை சார்" என்று மேலாளர் மஞ்சுநாத்திடம் பீற்றிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மூன்றாம் வார்டு நர்ஸ் சுலோசனா போன் செய்தாள். "அனுப்ரியா, நேத்து சாயங்காலம் சேர்ந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு நானே பதிஞ்சேன். இப்ப ஸ்கிரீன்ல காணோமே?"

நகல் சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நகலெடுப்பு நேற்று மதியமே நின்றுபோயிருந்தது. அப்படி அடியோடு நின்றுவிட்டால் திரையில் கட்டம் காலியாகத்தான் வரும். காலிக் கட்டம் பார்க்க அசிங்கமாயிருக்கிறது என்று மஞ்சுநாத் முகம் சுளித்ததால், காலியாக வந்தால் பூஜ்யம் காட்டும்படி போன மாதம் ஒரு வரி எழுதினேன். எழுதிய மகராசி நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

வார்டுகளில் அது ஊசி போடும் நேரம். "முதல்ல படுத்துப்போன சர்வரோட டிஸ்க்கைப் பாரும்மா, விட்டுப்போனது அதுல கிடைக்கும். இப்பவே சொன்னா சும்மா கலாட்டா ஆகும்" என்றார் மஞ்சுநாத். அதற்குள் யாராவது செத்தால்? வரவேற்பு மேசைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை நம்பாதீர்கள், நேற்று மதியத்துக்குப் பின் சேர்ந்த யாருக்கும் விசாரிக்காமல் ஊசி போடாதீர்கள் என்று அந்த ஊர்ப் பாஷையான கன்னடத்தில் கத்தினேன்.

ஐந்தாம் வார்டு நர்ஸ் லிங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. "நேத்து ராத்திரி சேர்ந்த அய்யாசாமின்னு ஒருத்தருக்கு, நீங்க மைக்ல சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஊசி போட்டேன். எது ஆகாதுன்னு அவருக்கே தெரியலை. சேர்த்துவிட்ட சம்சாரம் ஊருக்கு, கொள்ளேகாலுக்குப் போயிட்டாங்க, போன் எடுக்கலை."

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒவ்வாமைக்கான மருந்தோடு கட்டிலருகே நின்றிருந்தார். அய்யாசாமி கட்டட வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூச்சு வாங்குகிறதா, உதடு வீங்குகிறதா என்று அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன்.

அரைமணி கழித்து டாக்டர், "ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்குப் பெருசா ஏதாச்சும் வந்திருச்சுங்களா?" என்றார் அய்யாசாமி.

"நான் டாக்டர் இல்லைங்க. கம்ப்யூட்டர் பாக்குறவ. தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அய்யாசாமி ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார்.

"இந்த ஊசி எனக்கு ஒத்துக்குமான்னு நான் கேட்டனுங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்கன்னாங்க நர்சம்மா. அதானுங்க கையை நீட்டுனேன்."