தொண்ணூறு மணி நேரம்

மருந்தாளுநர்களின் எதிர்காலத்தைப் பற்றி ஷோனா மில்ன் பேச ஆரம்பித்தால், நிகழ்காலத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் பதினான்கு மருந்தாளுநர்கள், காய்ந்த முட்டை சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஷோனா போட்ட படத்தில் யாரோ ஒரு பெண் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். ஷோனா பணி மேம்பாட்டு அதிகாரி. அவள் கடைசியாக ஒரு படுக்கையருகே நின்றது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அதுவும் மாமியாரைப் பார்க்க வந்தபோது.

"இனிமே நாம மாத்திரை எண்ணிக் குடுக்கிறவங்க இல்ல. முடிவெடுக்கிறவங்க. நம்ம பணி விரியுது. அந்த விரிவை ஒவ்வொருத்தரும் உள்ளுக்குள்ள உணரணும்."

"எனக்கு இடுப்புதான் விரியுது," என்றாள் ஐல்சா கெய்ர்ட்னர், பக்கத்தில் இருந்தவளின் காதில்.

"ஐல்சா, ஏதாவது சொல்றீங்களா?"

"உணர்ந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்."

ஐல்சா கேலி செய்தாளே தவிர, அந்த விரிவு அவளுக்கு வேண்டியிருந்தது. முதியவர்கள் படுக்கும் ஐந்தாம் வார்டில் இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் எழுதிய மருந்துச் சீட்டைத் திருத்தியே வாழ்ந்தாயிற்று. இப்போது மருந்தாளுநரே மருந்து எழுதலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கான படிப்பைக் குளிர்காலத்தில் முடித்திருந்தாள். பாக்கி ஒன்றுதான். மருந்து எழுதிப் பழகிய ஒருவர் தொண்ணூறு மணி நேரம் அவள் வேலையைக் கூட இருந்து பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் மூன்றாம் மாடியில் ஷோனாவிடம் கோப்பு போய்ச் சேர்ந்தால் ஐந்தாம் வார்டில் மருந்து எழுதும் பதவி அவளுக்கு. இல்லையென்றால் அந்தப் பதவி அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போடுபவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எழுதும் உரிமை பெற்ற நர்ஸும் போதும். ஐந்தாம் வார்டிலேயே டோரீன் மக்ஃபாடியன் என்ற நர்ஸ் பதினோரு வருஷமாக மருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் ஐல்சா மேற்பார்வையாளர் கட்டத்தில் எழுதிய பெயர் பெரிய டாக்டர் பெட்டிகுரூ. நர்ஸ் கையெழுத்தை நாளைக்கு எவன் மதிப்பான் என்பது அவள் எண்ணம்.

பெட்டிகுரூ அவளை இதுவரை மேற்பார்வை பார்த்தது இரண்டு தடவை. இரண்டும் லிஃப்ட்டில். "எப்படிப் போகுது, அலிசன்?" என்று கேட்டார். நல்லாப் போகுது என்று அலிசன் சார்பாக ஐல்சா பதில் சொன்னாள்.

புதன்கிழமை காலை ஐந்தாம் வார்டில் ஃபிண்ட்லே என்ற கிழவரின் சீட்டை எடுத்தாள். நாற்பது வருஷம் வடகடலில் மீன் பிடித்தவர். நடுக்குவாதக்காரர். வயிறு சரியில்லாமல் வந்து சேர்ந்திருந்தார். பெட்டிகுரூ ரவுண்ட்ஸில் வாந்திக்கு ஒரு மருந்து எழுதிவிட்டுப் போயிருந்தார். நடுக்குவாதக்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் உடம்பு கட்டைபோல இறுகிப்போகும். மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே படிக்கிற சங்கதி.

சீட்டில் மருந்து எழுதுபவர்களுக்குக் கருப்பு மை, குறிப்பு மட்டும் எழுதும் மருந்தாளுநர்களுக்குப் பச்சை. ஐல்சா பச்சைப் பேனாவை எடுத்து, 'இவருக்கு ஆகாது, நிறுத்தவும், வேறு மருந்து தரவும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். வார்டில் இருந்த இளம் டாக்டரிடமும் சொன்னாள்.

"பெரியவர் எழுதினதை நான் எப்படிங்க அடிக்கிறது? நாளைக்கு ரவுண்ட்ஸ்ல கேட்டுடலாம்."

வியாழக்கிழமை ரவுண்ட்ஸ் வந்தது. பெட்டிகுரூ சீட்டைப் புரட்டினார். பச்சை எழுத்தின் மேல் அவர் கண், சுவரில் ஒட்டிய பழைய அறிவிப்பின் மேல் போவதுபோலப் போய் வந்துவிட்டது. இளம் டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் கிழவரின் மனைவி எஃபி ஐல்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, நடந்து வந்த மனுஷனைப் பாரு. வாயில தண்ணி ஊத்தினா முழுங்கத் தெரியல. என்னைப் பார்க்கிறாரு, முகத்துல ஒரு அசைவு இல்ல. வீட்டுக்கு ரெண்டு வாளி மீன் தூக்கிட்டு வருவாரு தாயே."

"மருந்துதாம்மா காரணம். நான் எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சா?"

பதில் படுக்கைகளுக்கு நடுவே தொங்கிய துணித் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பக்கத்துப் படுக்கையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டோரீன் திரையை விலக்கிக்கொண்டு வந்து சீட்டை வாங்கினாள். படித்தாள். கருப்புப் பேனாவால் ஒரே கோடாக அந்த மருந்தை அடித்தாள். அதன் கீழே வேறு மருந்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நேத்துலேர்ந்து இது பச்சையில கிடக்கா?" என்றாள்.

"டாக்டர்கிட்டச் சொன்னேன் சிஸ்டர்."

"நான் ரெண்டு நாளா இந்தத் திரைக்குப் பின்னாலதான் இருக்கேன். எட்டடி. என்கிட்டச் சொல்ல வாய் வரலையா? டாக்டர் எழுதினா டாக்டர்தான் அடிக்கணும்னு எந்தப் புத்தகத்துல படிச்ச?"

எஃபி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐல்சா பச்சைப் பேனாவை மூடிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பெட்டிகுரூ டாக்டர்களின் காபி அறையில் கிடைத்தார். வெண்ணெய் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, அலிசன். எங்கெங்க போடணும்?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ. பார்த்த தேதி, பார்த்த நேரம்."

"தேதியெல்லாம் நீங்களே போட்டுக்கங்க. உங்க ஆளுங்கதான் தேதி போடறதுல கெட்டிக்காரங்களாச்சே." பேனாவைத் திறந்தவர் மூடினார். "அதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு சின்ன உதவி. நான் டாக்டரா நீடிக்க அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் கோப்பு குடுக்கணும். பிற துறையினருக்குப் பயிற்சி குடுத்தேன்னு ஒரு பக்கம். நீங்க அடியில கையெழுத்துப் போட்டாப் போதும். ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது."

நீட்டிய தாளை ஐல்சா வாங்கினாள். 'பயிற்சி அளித்த நேரம்: தொண்ணூறு மணி.' அதன் கீழே, 'பயிற்சி பெற்றவரின் கருத்து' என்ற கட்டத்தை அவரே நிரப்பியிருந்தார். 'டாக்டர் பெட்டிகுரூவின் பொறுமையான வழிகாட்டுதல் என் பார்வையையே மாற்றியது. அவரிடம் கற்றது என் வாழ்நாள் பேறு.'

வாழ்நாள் பேற்றைப் பெற்றவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"டாக்டர், ஃபிண்ட்லேன்னு ஒருத்தர். ஞாபகம் இருக்கா?"

"அந்த மீன்காரர்தானே? இப்பத்தான் பார்த்தேன். உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாரு. நல்லாத் தேறிட்டாரு."

"எப்படித் தேறினாரு?"

"இதென்ன கேள்வி? நல்ல கவனிப்பு." பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்தது. அவர் கரண்டியால் அதைத் தேடினார்.

அவளுக்குப் பெரிய நேர்மை ஒன்றும் பொங்கி வரவில்லை. அவள் கோப்பிலும் அதே தொண்ணூறு மணிப் பொய்தான் இருந்தது. அதை அவள் விழுங்கியிருப்பாள். இந்த மனிதர் தனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று தன் கையால் உறுதி சொல்வதுதான் தொண்டையில் இறங்கவில்லை. தாளை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல நான் போட முடியாது டாக்டர்."

"அப்ப அதுல நானும் போட முடியாதே."

"தெரியும்."

"அரை மணிதான் இருக்கு. யோசிச்சுக்கங்க. உங்க மாதிரி ஆளுங்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பு அடிக்கடி வராது."

"என் பேரு ஐல்சா," என்று சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வார்டில் டோரீன் மருந்து வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையும் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"பன்னெண்டு ஆகப்போகுது. நீ தப்பான மாடியில நிக்கிற."

"அவர் போடலை. நீங்க என்னை மேற்பார்வை பார்ப்பீங்களா சிஸ்டர்? முதல்லேர்ந்து."

"பதவி போயிடுமே?"

"போயிடுச்சுன்னே வெச்சுக்கங்க. எழுதற உரிமையாவது வரட்டும்."

"போன வருஷமே எங்கிட்ட வந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். கிழவரும் ரெண்டு நாள் கட்டையாக் கிடந்திருக்க மாட்டாரு. ஏன் வரலை?"

"தோணலை."

"பொய். சரியாச் சொன்னாத்தான் நான் யோசிப்பேன்."

ஐல்சா சுற்றுமுற்றும் பார்த்தாள். எஃபி நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதை மறைக்கக்கூட அவள் நினைக்கவில்லை.

"நீங்க நர்ஸுங்கிறதால," என்றாள் ஐல்சா.

"சத்தமாச் சொல்லு மகராசி. இந்தச் சாவிக்கொத்துச் சத்தத்துல கேக்கலை."

"நீங்க நர்ஸு, உங்க கையெழுத்துக்கு மதிப்பு இருக்காதுன்னு நினைச்சேன்."

"அந்த மதிப்பான ஆளு உனக்கு எத்தனை மணி நேரம் குடுத்தாரு?"

"ரெண்டு லிஃப்ட் நேரம்."

டோரீன் சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் தெரியவில்லை. சாவியைப் பையில் போட்டாள்.

"எட்டாம் படுக்கை அம்மா மூணு நாளா சாப்பாட்டைத் தொடலை. ஒம்பது மாத்திரை முழுங்குது. எது பசியைக் கெடுக்குதுன்னு அந்த அம்மாகிட்டயே பேசிக் கண்டுபிடி. சீட்டை அப்புறம் பாரு. தப்பாப் பேசினா எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்."

"இப்பவேவா?"

"பின்ன, ஷோனா படம் போட்டுக் காட்டினப்புறமா?"

ஐல்சா எட்டாம் படுக்கைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. டோரீன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து கைகட்டி நின்றாள். முதல் மணி நேரம் முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.