காந்தம் ஒட்டிய துண்டு

பெரியவருக்கு மாப்பிள்ளையைக் கண்டால் ஆகாது. தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவன், அப்பா காலத்திலிருந்து வெல்டிங் ராடு செய்யும் பட்டறைக்குள் நுழைந்து, வந்த சூட்டோடு புதிதாக ஒரு ராடும் செய்துவிட்டான். கொதிக்கும் நீராவி ஓடும் ஸ்டெயின்லெஸ் குழாய்களுக்காம். தங்கை முதல் பட்டறைக் காவலாளி வரை அவன் புகழ்தான். பெரியவருக்கு வயிறு எரிந்தது.

ராடு வாங்க வந்த இன்ஜினியர், "உங்க ராடு, மாப்பிள்ளை ராடு, ரெண்டையும் வெல்டு வச்சு சில வாரம் உலையில போடுங்க. அப்புறம் வளைச்சுப் பாப்போம். தாங்குறது எனக்கு" என்றார்.

பெரியவரே வெல்டு வைத்தார். காந்தத்தைக் காட்டினார். அவருடையதில் அது சட்டென்று ஒட்டியது. மாப்பிள்ளையுடையதில் வழுக்கி விழுந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? காந்தம் ஒட்டாத வெல்டு விரிசல் விடும். எங்கப்பா சொன்ன கணக்கு."

"சாதாரண வேலைக்கு அது சரிதான் மச்சான். ஓயாம சூட்டுல கிடந்தா, காந்தம் ஒட்டுற அந்தச் சரக்குதான் நொறுங்கிப்போகும்."

"எனக்கே பாடமா?"

துண்டுகளில் அடையாளம் குத்துவதுதான் வழக்கம். கோபத்தில் அவர் சாக்பீஸால் கோடு கிழித்ததோடு விட்டார். தன் துண்டை உலையின் இடப்பக்கம் வைத்து, மற்றதை வலப்பக்கம் ஒதுக்கித் தள்ளினார்.

வாரங்கள் கழித்து உலையைத் திறந்தால் சாக்பீஸ் கோடு போன இடம் தெரியவில்லை. இரண்டும் ஒரே கருப்பு. பெரியவரே இடுக்கியால் எடுத்துப் பிரஸ்ஸில் வைத்தார். வலப்பக்கத்துத் துண்டு லாடம்போல் வளைந்தது. இடப்பக்கத்தது படக்கென்று இரண்டானது.

"எது யாருது?" இன்ஜினியர் காந்தத்தை வைத்தும் பார்த்தார். இப்போது இரண்டிலுமே ஒட்டவில்லை; ஒட்டிக்கொண்டிருந்த சரக்கும் சூட்டில் மாறிப்போயிருந்தது.

"வச்சது மச்சான்தான். அவர் சொன்னா சரி" என்றான் மாப்பிள்ளை.

இந்தப் பவ்யம்தான் பெரியவருக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், இவன் வாலைச் சுருட்டிக்கொள்வான். ஆனால் நாளைக்கு எங்கோ ஒரு குழாய் பிளந்தால்? ராடு பெட்டியின்மேல் இருப்பது அப்பாவின் பெயர்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உடைஞ்சது என்னுது."

மாப்பிள்ளை வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "பெட்டியில எங்கப்பா பேருதான் இருக்கும். உங்க பேரு கீழ, சின்னதா."

"என் பேரே வேணாம் மச்சான். மாமா பேரு போதும்."

அதையும் விட்டுக்கொடுத்துவிட்டான், பாவி. பெரியவருக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.