கத்திரி வெட்டிய நிழல்

பூங்காவிலிருந்த தூங்குமூஞ்சி மரங்களையெல்லாம் வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவற்றின் நிழல்கள் இடத்தை விட்டுப் போகவில்லை. வேர்களைத் தோண்டி எடுத்து, தரையை உருளையால் அழுத்தி, மேலே கான்கிரீட் போட்டார்கள். நிழல்கள் ஈரக் கான்கிரீட்டின் மேலேயே படுத்துக்கொண்டன. காலையில் மேற்கே நீண்டு எதிரேயிருந்த தையல் பட்டறையின் சுவரில் ஏறின, நடுப்பகலில் சுருங்கித் தங்கள் இடத்திலேயே நின்றன, மாலையில் கிழக்கே கிளம்பின. தூங்குமூஞ்சி மரம் இருட்டுவதற்கு முன்பும் மழைக்கு முன்பும் இலைகளை மடித்துக்கொள்ளும், நிழல்களும் மடித்துக்கொண்டன. இலை உதிரும் காலத்தில் நிழலிலைகள் உதிர்ந்தன. பெருக்குகிற பெண்கள் அவற்றைக் குவித்துப் பார்த்தார்கள். கனம் இல்லை, கொளுத்தினால் தீயும் பிடிக்கவில்லை, ஆகவே சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். காகங்கள் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு வேறு இடம் தேடிப் போயின. ஒரு காகம் மட்டும், தன் பழைய கிளை இருந்த உயரத்தில், வெறும் காற்றில் உட்கார்ந்தது.

ஊர் இதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டது. பூங்காவை வண்டி நிறுத்துமிடமாக மாற்றத்தான் மரங்களை வெட்டினார்கள். மரம் போய் நிழல் மட்டும் மிஞ்சியதால் பறவை எச்சமும் விழவில்லை, காரும் சுடவில்லை. 'நிழல் வசதி உண்டு' என்று நகராட்சி பெரிய பலகை வைத்தது. அதுவரை பூங்காவின் தோட்டக்காரராக இருந்தவரின் கையில் ஒரு விசிலைக் கொடுத்து வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே விசில் என்றாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதவள் எதிர்ப்பட்டறையின் கட்டிங் மாஸ்டர். துணியை அளந்து வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஊருக்கு அவள் கத்திரி. அவள் கோபத்துக்குக் காரணம் தண்ணீர். மரம் நிற்கிற மண் கடற்பஞ்சு போன்றது. வேர் போன வழியெல்லாம் தண்ணீரும் போகும். செத்த வேர்கூட அழுகி ஒரு குழாயை விட்டுவிட்டுத்தான் போகும். பூங்கா இருந்தவரை மழைத் தண்ணீரை அதுவே குடித்துவிடும். கான்கிரீட் ஒரு சொட்டும் குடிக்காது. அது அப்படியே சரிந்து, தெருவைக் கடந்து, பள்ளத்திலிருந்த பட்டறைக்குள் வந்தது. முதல் மழையிலேயே தைத்து அடுக்கிய மூட்டைகள் மிதந்தன, மிஷின்களின் கால்கள் துருவேறின. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் பட்டறையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கத்திரிக்கும் அங்கே தைக்கும் பெண்களுக்கும் வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

மரங்களை வெட்டச் சொல்லி வரைபடம் போட்ட நகராட்சி இன்ஜினியர் கத்திரியின் சொந்தத் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவளே அவள்தான். அவனிடமே போய்க் கேட்டாள், பாதி இடத்தையாவது உடைத்து மறுபடி மரம் வைக்க விடு என்று.

"நிழல்தான் அப்படியே இருக்கேக்கா. இனிமே மரம் எதுக்கு?" என்றான் அவன்.

"உன் கல்யாணத்துக்குப் பொண்ணு எதுக்கு, போட்டோ போதும்னு சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

அவன் மனைவி உள்ளேயிருந்து சிரித்ததை இருவரும் கேட்டார்கள். ஆனாலும் அவன் அசையவில்லை. மறுநாள் பட்டறைப் பெண்கள் நனைந்த துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், படிக்கட்டுக் கைப்பிடியிலும் ஜன்னல்களிலும் தலைவர் அறை வாசலிலும் அவற்றைப் பிரித்து உலர்த்தினார்கள். ஏனென்று கேட்டவர்களுக்கு, எங்கள் இடத்தில் காயப்போட இடமில்லை என்று மட்டும் பதில் சொன்னார்கள். ஊறிப்போன துணியின் வாடை கோப்புகளில் ஏறி, சாப்பாட்டு டப்பாக்களில் ஏறி, கடைசியில் தலைவரின் தலைமுடியில் ஏறியபோது அனுமதி வந்தது. பாதி இடம், அடுத்த மழைக்காலம் வரை. அதற்குள் கன்றுகள் இலையோடு நின்றால் மீதிப் பாதியையும் உடைக்கலாம். நிற்காவிட்டால் அந்த இடத்தில் மாடி மாடியாக வண்டி நிறுத்தக் கட்டடம் எழும்பும். தோற்றுவிடுவார்கள் என்று தலைவருக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. அப்படிப்பட்ட மண்ணில் குழி வெட்டினால் மட்டும் போதாது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து பார்க்க வேண்டும். மறுநாளும் தண்ணீர் நின்றால் அது குழியல்ல, தொட்டி, வேர் அதில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். கடப்பாரையால் அடிமண்ணைப் பிளந்து, மட்கிய இலை உரத்தைக் கலந்து, மண்புழு தானாக வரும்வரை ஈரம் காக்க வேண்டும். இதையெல்லாம் செய்தார்கள். விசில் வண்டிகளுக்கு ஊதிக்கொண்டே வந்து வந்து பார்த்தார். கன்றுகளை வாசலோரம் வெயில் படுகிற கீற்றில் வைக்கலாம், நிழலுக்குள் வேண்டாம் என்றார். கத்திரி கேட்கவில்லை. மரம் நின்ற இடத்தில்தான் மரம் நிற்க வேண்டும், ஒரு சாண் தள்ளி வைத்தாலும் தோற்றதாக அர்த்தம் என்றாள். ஒவ்வொரு நிழலின் அடிமரம் தொடங்குகிற புள்ளியைத் தேடி, அதன் மேலேயே கன்றை நட்டார்கள்.

அடர்ந்த நிழலில் வைத்த கன்று வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கும். தண்டு நூலாக நீளும், இலை வெளிறும், பிறகு நிற்கத் தெம்பில்லாமல் சாயும். எல்லாக் கன்றுகளும் அப்படியே சாய்ந்தன. பழைய மரத்தின் நிழலே புது மரத்தைக் கொன்றுகொண்டிருந்தது.

"உன் வீம்புக்கு வெயில் கட்டுப்படாதும்மா," என்றார் விசில்.

"வெயில் கட்டுப்பட வேணாம். நிழல் கட்டுப்பட்டாப் போதும்," என்றாள் கத்திரி. சொன்னபோது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

அது தெரிந்தது ஒரு நடுப்பகலில். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தவள், செத்த கன்றுக்குப் பக்கத்தில் குந்தினாள். சூரியன் உச்சியில் நின்றது. நிழல் நகராமல், சுருக்கமில்லாமல், கட்டிங் டேபிளில் விரித்த துணி மாதிரி தரையோடு படிந்திருந்தது. துணியைக் கண்டால் ஓரத்தைக் கிள்ளித் தடிமன் பார்ப்பது அவள் கைப்பழக்கம். கிள்ளினாள். ஓரம் விரலோடு மேலே வந்தது. பருத்தியைவிட மெல்லியது, பட்டுத் துணியைவிடக் குளிர்ச்சி. அவள் வியப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்குப் போய்ப் பெரிய கத்திரிக்கோலையும் சாக்குக்கட்டியையும் எடுத்து வந்தாள்.

நிழலை வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அது ஊர்ந்துகொண்டே இருப்பதால் கோடு கோணும். உச்சி வேளையில் மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். விளிம்புகளில் கல் வைத்து இழுத்துப் பிடித்து, சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கத்திரிக்க வேண்டும். நிறுத்தினால் பிசிறு தட்டும். வெட்டிய துண்டைப் பாயைப் போலச் சுருட்டலாம். துண்டு போன இடத்தில் வெயில் தொப்பென்று விழுந்தது. புதுக் கன்றுகளை அந்த வெயில் வட்டங்களில் நட்டார்கள்.

ஆனால் ஒரு வாரத்தில் வட்டங்கள் மூடிக்கொண்டன. கத்திரி மறுபடி வெட்டினாள், மறுபடி மூடிக்கொண்டது. யோசித்துப் பார்த்தபோது பிசகு அவளுடையதுதான். தையல்காரக் கை எதை வெட்டினாலும் தையலுக்கென்று கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் விட்டுத்தான் வெட்டும். குழந்தைச் சட்டையாக இருந்தாலும் விடும், திரைச்சீலையாக இருந்தாலும் விடும். நிழலையும் அவள் அப்படியே சாக்குக்கட்டிக் கோட்டுக்கு உட்பக்கமாக, கன்றைப் பார்த்த ஓரத்தில் இரண்டு விரல் மிச்சம் வைத்து வெட்டியிருக்கிறாள். அந்த மிச்சம் துளிர்விட்டு வளர்ந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஊறிய பழக்கத்தைக் கைவிட அவளுக்கு மிகவும் சிரமமாக இருந்தது. கோட்டின் மேலேயே கத்திரிக்கோலை ஓட்டியபோது யாரோ கையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது என்று சொன்னாள். பிறகு அதற்கும் ஒரு வழி கண்டாள். மிச்சத்தை ஓட்டைப் பக்கம் விடாமல், வெட்டியெடுக்கிற துண்டின் பக்கம் விட்டாள். ஓட்டை ஓட்டையாகவே நின்றது. சுருட்டி வைத்த துண்டுகள் பட்டறை மூலையில் வளரத் தொடங்கின.

வளர்கிற பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூரையில்லாத பஸ் ஸ்டாப்பில் ஒன்றை விரித்தார்கள். தரையில் விரித்தாலும் அதன்மேல் நிற்பவரின் உச்சந்தலைவரை நிழல் ஏறியது. முதல் தடவை தலைமாடு கால்மாடாக விரித்துவிட்டதால், காலை நேரத்தில் நிழல் சூரியன் இருக்கிற பக்கமே நகர, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அதன் பின்னாலேயே நகர்ந்து பஸ்ஸைத் தவறவிட்டார்கள். துணிக்கு நேர் இழை, குறுக்கு இழை இருப்பது போல நிழலுக்கும் உண்டு. திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. செருப்புத் தைப்பவருக்கு ஒன்று, பள்ளிக்கூட வாசலுக்கு ஒன்று, வேலைக்குச் சேரக் காத்திருக்கும் கொத்தனார்கள் நிற்கிற முனைக்கு ஒன்று என்று போயின. காகத்தின் கிளை நிழல் பஸ் ஸ்டாப் துண்டோடு போனதால் காகமும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டது போல அங்கே இடம் மாறி, கம்பத்துக்குப் பக்கத்தில் காற்றில் உட்கார்ந்தது.

கார்க்காரர்கள் புகார் சொன்னார்கள். தலைவர் கொதித்தார். மழைக்காலம் நெருங்கிய ஒரு நாள் உச்சி வேளையில் தம்பி இரண்டு ஆட்களோடு வந்தான். எஞ்சியிருந்த பெரிய நிழலை வெட்டினால்தான் நடுவில் இருக்கும் கன்றுகள் பிழைக்கும் என்ற நிலை. கத்திரி மண்டியிட்டுப் பாதி வெட்டியிருந்தாள். தெருவே கூடி நின்று பார்த்தது. அவன் நேராக நடந்து வந்து, சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் காலை ஊன்றி நின்றுகொண்டான்.

"நிறுத்துக்கா. இது நகராட்சி சொத்து."

"மரம் உங்க சொத்து. வெட்டி வித்துட்டீங்க. நிழல நீங்க வெக்கல, அதுவா நின்னுச்சு."

"நான் நகரமாட்டேன்."

கத்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்திரிக்கோல் ஓடிக்கொண்டே அவன் செருப்பு நுனிக்கு வந்துவிட்டது. நிறுத்தினால் பிசிறு தட்டும்.

"கால எடுடா. துணி மேல நிக்கிற."

வீட்டுத் தரை முழுக்கத் துணி விரித்து அவள் வெட்டுகிற வீட்டில் வளர்ந்தவன் அவன். இன்ஜினியர் யோசிப்பதற்கு முன்னால் கால் தானாக மேலே போய்விட்டது. கத்திரிக்கோல் அடியில் புகுந்து கடந்தது. வெட்டு முடிந்து சுருட்டும்வரை, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், நகராட்சி இன்ஜினியர் அத்தனை பேர் முன்னிலையில் ஒற்றைக் காலில் நின்றான். யாரும் சிரிக்கவில்லை. விசில்தான் பழக்கதோஷத்தில் ஒரு ஊது ஊதி, பின்னால் வரலாம், இடமிருக்கிறது என்று கையைக் காட்டினார். தம்பி பின்னால் போனான். வெயிலாக இருக்கிறது என்று சொல்லி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அளந்து கணக்கில் எழுத முடியாத பொருளை நகராட்சி சொத்தாகக் காட்ட வழியில்லை என்று அவனே கூட்டத்தில் விளக்கியதாகப் பிறகு தெரியவந்தது.

மழை வந்தது. அதற்குச் சற்று முன் ஊரெங்கும் சிதறியிருந்த நிழல் துண்டுகள் ஒரே சமயத்தில் இலைகளை மடித்துக்கொண்டன. பூங்காவில் கன்றுகளும் கட்டைவிரல் அளவு இலைகளை மடித்துக்கொண்டன. கத்திரி பட்டறை வாசற்படியில் கையில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கான்கிரீட் பாதியிலிருந்து சரிந்து வந்து, உடைத்த பாதியை அடைந்ததும் தயங்கி, குழிகளுக்குள் கொப்பளித்து இறங்கியது. மிஞ்சியது தெருவைக் கடந்து முதல் படியை நனைத்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மழை ஓய்ந்த பிறகு தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்து ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார். நின்றுகொண்டிருந்தன. மீதிப் பாதியை உடைக்கிற வேலைக்குத் தம்பியே முதல் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தான். விசில் தன் விசிலைக் கழற்றி, கன்றைக் கட்டியிருந்த ஒரு குச்சியில் மாட்டிவிட்டு மண்வெட்டிக்குத் திரும்பினார்; பெயர் மட்டும் திரும்பவில்லை.

இப்போது அந்த மரங்களுக்கு இரண்டு பேர் கைகோத்தால்தான் எட்டுகிற அளவு அடிமரம். அவற்றின் நிழல்கள் அவற்றோடேயே இருக்கின்றன, யாரும் கிள்ளிப் பார்ப்பதில்லை. பட்டறை அதே இடத்தில் ஓடுகிறது. இடையில் வந்த இரண்டு தலைவர்களும் வண்டி நிறுத்துமிடத் திட்டத்தை ஒருமுறை தூசி தட்டி எடுத்தார்கள். இரண்டு முறையும் கத்திரி தன் பெரிய கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள், ஊரெல்லாம் தெரிகிற மாதிரி கையில் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள். திட்டம் மறுபடி அலமாரிக்குள் போனது.

சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் ஒருவர் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, காற்றில் உட்கார்ந்திருந்த காகத்தையும், கீழே ஆடிக்கொண்டிருந்த நிழலையும் பார்த்து, மரம் எங்கே என்று கேட்டார்.

"மரத்த வெட்டிட்டாங்க," என்றார் கண்டக்டர், சில்லறையை எண்ணிக்கொண்டே. "நிழல் ஒத்துக்கல."

டிரைவர் சரி என்று தலையாட்டிவிட்டு, இன்ஜின் சூடு ஆறட்டும் என்று வண்டியை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.