சந்தனம் பட்ட முனை

1

ஒரு கடிதத்திலிருந்து தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு ஏமாந்துபோனோம் என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது. நான் எழுத வேண்டியது நாலே நாலு வரி. அதை எழுத மனமில்லாமல் நான்கு நாட்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிழைப்புக்கு நான் கம்ப்யூட்டர்க்காரன். திண்டுக்கல்லில் ஒரு கம்பெனிக்காக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மில் என்று போய் சர்வர்களைத் திறந்து மூடுகிறேன். மிச்ச நேரத்தில் ஒரு புனைபெயரில் கதை எழுதுகிறேன். சொந்தப் பெயர் வேறு.

2

தொடக்கம் ஒன்று: "அன்று காலை பூப்பறிக்கக் குனிந்த சோலைமுத்துவுக்கு வலது கை—"

வேண்டாம். சோலைமுத்துவை நான் பார்த்ததே இல்லை. ஆத்தூர், வயது ஐம்பத்தெட்டு. இரண்டும் ஸ்கேன் சீட்டில் இருந்தவை. பூவை அவர் கையில் கொடுத்தது நான்தான். கை விழுந்தவர் பூப்பறிக்கிறவராக இருந்தால் படிப்பவர்களுக்கு நெஞ்சு இளகும் என்று கணக்குப் போட்டேன். கதை எழுதுகிற எங்கள் தொழில் அப்படி.

தொடக்கம் இரண்டு: "மனிதன் ஒளியைக் கண்ணாடிக்குள் அடைத்த நாளிலிருந்து—"

கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று, நடந்ததைச் சொல்வது. வேறு வழி தெரியவில்லை.

3

ஊரில் ஒரு ஸ்கேன் சென்டர். பெயர் வேண்டாம். மெஷின் ஒரு கட்டடத்தில், படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில். ஒரு தலையை ஸ்கேன் செய்தால் நூற்றுக்கணக்கான படங்கள் வரும். பழைய வயரில் அவை ஊர்ந்துதான் போய்ச் சேரும். அதனால் ஃபைபர் இழுத்தார்கள். சர்வரில் அதற்கான அதிவேக நெட்வொர்க் கார்டைச் சொருகுவது என் வேலை. மேனேஜர் இளஞ்செழியன் நாள் குறித்தார்: ஆயுதபூஜை. அன்று மதியத்துக்கு மேல் ஸ்கேன் கிடையாது.

என்னோடு இருந்தவள் சகாயராணி, அந்த சென்டரின் சிஸ்டம் பொறுப்பாளர். முப்பத்திரண்டு வயது. ("சுறுசுறுப்பானவள்" என்று எழுதி அடித்தேன். அது நற்சான்றிதழில் எழுதுகிற சொல்.) ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் எங்கே வைக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

சர்வரை அணைத்து மூடியைக் கழற்றினோம். கார்டைத் தொடும் முன் இருவரும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம்; உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடும். இரண்டு கட்டைவிரலால் அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. சர்வரின் பின்பக்கம் தெரிவது அந்தக் கார்டின் தகடும், அதில் வயர் மாட்டுகிற வாயும் மட்டும்தான். ஃபைபர் வயரின் முனையிலிருந்த மூடியைக் கழற்றினேன்.

"அண்ணே, முனையத் தொட்டுறாதீங்க. வெரல் எண்ண பட்டாலே போச்சு" என்றாள்.

இருபது வருடத் தொழில்காரனிடம் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை நான் மறைக்கப் பார்ப்பேன்.)

மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.*

* அந்த வயருக்குள் போவது ஒளி. அது போகும் பாதை தலைமுடியைவிட மெல்லியது. வாயில் துளி அழுக்கு இருந்தாலும் ஒளி அடியோடு நிற்காது, அரைகுறையாகப் போகும். விளக்கோ பச்சையாகவே எரியும். இதில் உள்ள அயோக்கியத்தனம் அதுதான்.

4

நாலு மணிக்குப் பூஜை. ஸ்கேன் மெஷின், ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சர்வர் அறையின் மூலையில் இருந்த கேமராவையும் விடவில்லை. யாரோ ஸ்டூல் போட்டு ஏறி அதன் கண்ணிலேயே பெரிய பொட்டாக வைத்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம்.

இளஞ்செழியன் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். தட்டோடு வந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு வந்த புதுசுக்கு வெக்கலீங்களா?"

"முன்னாடி கதவுல வச்சாச்சு சார்" என்றாள் சகாயராணி.

"அது பழசுக்கு வெச்சதுங்க. புதுசுக்கு வெக்காம உட்டா எப்படிங்க?"

"பின்னாடி வேணாம் சார். தூசி பட்டாலே ஆகாது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அடுத்த வருடப் பராமரிப்பு வேலை எங்கள் கம்பெனிக்கா இல்லையா என்பது அவர் வாயில் இருந்தது.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

"ஒரு பொட்டுதானே சார். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

சகாயராணி வெளியே போனாள். (கோபித்துக்கொண்டு போனாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். பொரிகடலை பங்கு வைக்கக் கூப்பிட்டார்கள், போனாள்.)

சர்வருக்குப் பின்னால் கை நுழைய இடமில்லை. வயரைக் கழற்றினால்தான் தகட்டில் பொட்டு வைக்க முடியும். ஆகவே யாரோ வயரைக்—

முதல் பிரதியில் "யாரோ" என்றுதான் இருந்தது. நான்தான் கழற்றினேன். சந்தனம் தொட்ட விரலால் பொட்டு வைத்தேன். அதே விரலால் வயரைப் பிடித்தேன். முனையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினேன். துடைக்கும் கருவி என் பையில் இருந்தது. தட்டோடு நிற்கிறவர் முன்னால் அதை எடுத்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். பச்சை விளக்கு எரிந்தது. இளஞ்செழியன் சூடம் காட்டினார்.

5

மறுநாள் விஜயதசமி விடுமுறை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு முதல் ஆளாக சோலைமுத்துவைக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம்; வாய் கோணி, வலது கை விழுந்திருந்தது. ஸ்கேன் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. படங்கள் டாக்டருக்குப் போகவில்லை. பாதி போகும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

டாக்டர் சாலையைக் கடந்து வந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்றே ஐம்பது நிமிடம் போயிருக்கிறது. விளக்குதான் பச்சையாக எரிந்துகொண்டிருந்ததே.

கடைசியில் சகாயராணி வயரைக் கழற்றி முனையைத் துடைத்தாள். மஞ்சளாக வந்தது. தகட்டில் காய்ந்திருந்த சந்தனமும் உதிர்ந்து உள்ளே விழும் என்று அதையும் ஈரத்துணியால் வழித்தெடுத்தாள். மாட்டியதும் எல்லாப் படங்களும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. டாக்டர் பார்த்துச் சொன்னதும் மதுரைக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது, வலது கை வரவில்லை. ஐம்பது நிமிடம் முன்னால் போயிருந்தால் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டார்களாம். "வந்திருக்கலாம்" என்றாராம்.

அன்று மதியமே எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, முனையில சந்தனம் இருந்துச்சுண்ணே. எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"அப்படியா?" என்றேன்.

முப்பது கதை எழுதியிருக்கிறேன். இதைவிடக் கேவலமான ஒரு சொல்லை எந்தப் பாத்திரத்துக்கும் கொடுத்ததில்லை.

6

கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். பூஜை நாளில் நாலு மணிக்கு மேல் வெறும் சிவப்பு. மறுநாள் காலை பெருக்க வந்த அய்யம்மாள் பொட்டைத் துடைத்த பிறகுதான் படம் தெளிவாகத் தெரிகிறது. தெளிவான படத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: சகாயராணி ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைக்கிறாள்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம சந்தனம் ஆகாதாட்ட இருக்குதுங்க. ஈரத்துணியப் போட்டுக் கெடுத்துப்புட்டுது" என்றார் இளஞ்செழியன். நான் பொட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். வைக்கச் சொன்னவரும் அவர்தான் என்பதால் அதை மறந்துவிட்டார். ஸ்கேன் படங்கள் போகாமல் நின்ற பிறகுதானே துடைத்தாள் என்று யாரும் நேரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நேரம் பார்க்கத் தெரியும். நானும் சொல்லவில்லை.

இப்போது அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு சொல்வார்கள். ஒரு மனிதரின் கை போனதற்குக் காரணம் அவள் என்று எழுதிவிட்டால், இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசல்படி ஏற விடாது.

7

இதுவரை எழுதியதை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நின்றபடியே படித்தாள்.

"அப்ப நீங்கதானா."

நான் தலையாட்டினேன்.

"போன்ல அப்படியான்னு கேட்டீங்க."

"அதையும் எழுதியிருக்கேன் பாரும்மா."

"எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. யாருக்கு?"

அவள் டீ ஆறிக்கொண்டிருந்தது. (கதைகளில் டீ ஆறும். அவள் எடுத்துக் குடித்துவிட்டாள்.)

"சோலைமுத்துன்னு எழுதியிருக்கீங்களே, அவரு பூப்பறிக்கிறவரு இல்ல. வெங்காயம் போட்டவரு. நான் ஆத்தூர் போயி பாத்துட்டு வந்தேன். இடது கையால சோறு திங்கக் கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எல்லாரு பேரையும் மாத்திட்டீங்க. எம்பேரு மட்டும் அப்படியே இருக்கு. உங்க பேரக் காணவே காணோம்."

"உன் பேரையும் மாத்திர்றேன்."

"வேணாம், இருக்கட்டும். நான் எதுக்கு ஒளியணும்? எனக்குக் கதை வேணாம்ண்ணே. நாலு வரி லெட்டர் குடுங்க. உங்க சொந்தப் பேரப் போட்டு, கையெழுத்துப் போட்டு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னாடி."

"என் வேலை போயிரும் சகாயம்."

"எனக்குப் போயிருச்சே."

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் பை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதில் வைத்துவிட்டுப் போனாள்.

8

முடிவு ஒன்று: நான் கடிதத்தைக் கொடுக்கிறேன். ஏழு பகுதி படித்திருக்கிறீர்கள். நம்புவீர்களா?

முடிவு இரண்டு: அய்யம்மாள் சாட்சி சொல்ல வருகிறார். கடைசி நிமிடத்தில் ஒரு ஏழையை நல்லவராக்கி அவர் தலையில் பாரத்தை வைப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அவர் எதையும் பார்க்கவில்லை.

முடிவு மூன்று: கதையைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். துணிச்சலான எழுத்து என்று யாரோ பாராட்டுகிறார்கள். நான் அடக்கமாக நன்றி சொல்கி—

9

வியாழக்கிழமை மத்தியானம். கடிதத்தில் இவ்வளவு எழுதியிருக்கிறேன்:

"ஆயுதபூஜை அன்று புதிய கார்டின் ஃபைபர் வயரைக் கழற்றி, சந்தனம் பட்ட விரலோடு திரும்ப மாட்டியவர் பெயர்:"

முடிவை உங்களிடம் விட்டுவிடுவது கதை எழுதுகிற எங்களுக்குள் ஒரு பழக்கம். விடுகிறேன். அந்த இடத்தை நீங்களே நிரப்பலாம். என் பெயர் உங்களுக்குத் தெரியாது. முதல் பகுதியிலிருந்தே அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கதையில் உங்களுக்குத் தெரிந்த உண்மையான பெயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சென்டர்காரர்களும் அதைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.