உதிர்ந்தது கிடக்கட்டும்

1

ஒப்புக்கொள்கிறேன்: கதை எழுத நான் உட்காரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழல்மரத்தின் இலை உதிர்ந்து, மக்கி, மண்ணுக்கு உரமாவதைப் பற்றி ஒரு கட்டுரைதான். இரண்டாம் பத்தியிலேயே ராசம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றுவிட்டாள்.

2

மலைச்சாரலில் பனி மெல்ல விலக...

(வேண்டாம். பனி தானாகவே விலகிக்கொள்ளும்.)

1930களின் தொடக்கம். இலங்கை மலையில், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். தேயிலை விலை விழுந்து, உர மூட்டை வருவது நின்றுபோயிருந்தது. புதுத் துரை உத்தரவு போட்டார்: நிழலுக்கு வைத்த முள்முருங்கையின் இலையைக் கூட்டாதே, உதிர்ந்தது கிடக்கட்டும்.

பழைய துரைக்குச் செடியடித் தரை வாசல்போல் துப்புரவாக இருக்க வேண்டும். ஆட்களை வேலை வாங்கும் கந்தப்பன் கங்காணிக்கு அதில்தான் நல்ல பெயர். மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாதவர்களுக்கே அந்தக் கூட்டும் வேலை. அவன் மனைவி ராசம்மாவுக்கு முழங்கால் வீக்கம். கூட்ட வேண்டாமென்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களை அப்போது இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

3

(தொழிலாளி இங்கே துரைக்குப் பாடம் சொல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள். கந்தப்பன் பொய்தான் சொன்னான்.)

"எலை கெடந்தா கரையான் ஏறுதுங்க தொரை. செடியே போயிரும்."

துரை குனிந்து இலைகளைக் கையால் விலக்கினார். கரையான் இல்லை. மேலே பழுத்த இலை. அதன்கீழ் நரம்பு மட்டும் மிஞ்சிய வலை. அதற்கும் கீழே, எது இலை எது மண் என்று பிரிக்க முடியாத கறுப்பு. தேயிலையின் வெள்ளை வேர்கள் மேலேறி வந்து அதைப் பற்றியிருந்தன.

"நல்ல மண்ணா, கங்காணி?"

கந்தப்பன் ஒரு பிடி அள்ளினான். இன்னொரு பொய் வாய்வரை வந்தது.

"நல்ல மண்ணுங்க," என்றான்.

4

"ஆமான்னுட்டீங்களாக்கும்?" என்றாள் ராசம்மா.

"கையில வச்சிக்கிட்டு எப்படிப் புள்ள இல்லங்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எலை விழுந்தா கெடக்கலாம். நான் விழுந்தா கப்பலு."

5

முடிவு ஒன்று: துரை மனமிரங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்கு...

(அடித்துவிட்டேன். அந்தத் துரையை எனக்குத் தெரியும்; நான்தான் படைத்தேன்.)

நடந்தது இது. தோட்டத்துப் பேரேட்டில் ராசம்மாவின் பெயரை வெட்டினார்கள். கங்காணி விரும்பினால் இருக்கலாம் என்றார்கள். அட்டன் ஸ்டேஷனில் அவள் சொன்னாள்: "நீங்க இருங்க. அங்க போயி ரெண்டு பேரும் எதத் திங்கறது?"

அவன் மூட்டையை ரயில் பெட்டிக்குள் ஏற்றினான். ரயில் ஊதியது. கந்தப்பனின் ஒரு கால் படியில்

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவனை இறக்கிவிட்டால் தோட்டத்தில் சோறு உண்டு. ஏற்றிவிட்டால் ராசம்மாவுக்கு வழிநெடுகத் திட்ட ஆள் உண்டு.