பூஜ்யத்தில் அறுந்த எண்கள்

அலெக்சாண்டிரியாவின் அந்தக் கப்பல் கம்பெனியில் யாரையும் முகத்துக்கு நேரே வேலையை விட்டுப் போகச் சொல்வதில்லை. அந்த அளவுக்கு அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது. காலையில் வந்து வாசல் கதவில் அட்டையைக் காட்டினால் பச்சைக்குப் பதில் சிவப்பு எரியும். புரிந்துகொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். கடிதம் பிறகு சாவகாசமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாளன்று, ஐந்து பேருக்குச் சிவப்பு எரிந்தது.

கணக்குப் பிரிவு கமாலாத் கையில் காலைச் சாப்பாட்டு ஃபூல் பொட்டலத்தோடு வாசலிலேயே அழுதாள். "போன வாரம்தான் எனக்குப் புது நாற்காலி குடுத்தாங்க! நாற்காலியைக் குடுத்துட்டு ஆளை அனுப்புவாங்களா?" என்றாள். காவலாளி சுபுஹி எல்லோரையும் தெருவோர நிழலில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வேறென்ன செய்வார் பாவம்.

ஐந்து பேருக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. அலுவலகத்தை ஊருக்கு வெளியே புர்ஜ் அல் அரப் என்ற புறநகருக்கு மாற்றக் கூடாது என்று இயக்குநருக்குப் போன மனுவில் ஐவருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குள் இது மூன்று மாடிக்கும் பரவிவிட்டது.

கணினிப் பிரிவு ஷாஹெந்தா அவசரமாகத் தன் மேசைக்கு வந்தாள். அவளும் மனுவில் கையெழுத்துப் போட்டவள். அதைவிட, யாரை உள்ளே விடலாம் என்று வாசல் கதவு கேட்கிற வலைப்பக்கம் அவள் எழுதியது. பழையதை எடுத்துவிட்டு அன்று காலைதான் அதைப் போட்டிருந்தாள். ஊழியர் எல்லோருடைய பெயரும் அடையாள எண்ணும் டைரக்டரி சர்வரில் இருக்கும். அட்டையில் உள்ள எண்ணும் சர்வரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அவள் பக்கம் பச்சை சொல்லும்.

"நீயும்தான் கையெழுத்துப் போட்ட. உனக்கு மட்டும் எப்படிப் பச்சை எரியுது?" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

ஷாஹெந்தா தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஐவரின் பெயர்களும் இருந்தன. எண்கள்தான் பாதியோடு நின்றன. கமாலாத்துக்குப் பாதிதான் இருந்தது, இன்னொருவருக்கு அதுகூட இல்லை. தன்னுடையது முழுசாக இருந்தது. வாரம் முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான் சோதித்திருந்தாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அப்படியானால் யாரோ வேண்டுமென்றே நறுக்கியிருக்கிறார்கள். பெயரை அழித்தால் மாட்டிக்கொள்வோம் என்று எண்ணை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். சர்வரில் கைவைக்க அனுமதி உள்ளவர் ஒரே ஒருவர், உஸ்தாத் வக்தி. ஆள் வந்தாலே திரையை மாற்றிவிடுகிற வக்தி. மனுவைக் கொண்டுபோனபோது, "எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்று நழுவிய வக்தி. போன வாரம்கூட, "அந்த எண்ணை எப்படிப் படிக்கிறீங்க, இன்ஜினியரம்மா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாரே! ஒன்றோடு ஒன்று அவ்வளவு அழகாகப் பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே பொருந்தத்தானே செய்யும்.

மதியம் பணியாளர் பிரிவுத் தலைவி இனாஸ் கூப்பிட்டு விட்டாள். "நான் யாரையும் எடுக்கச் சொல்லலை. இயக்குநரும் சொல்லலை. அப்புறம் இது யார் வேலை? உன் பக்கத்துல கோளாறா?"

ஷாஹெந்தா வேகமாகக் கணக்குப் போட்டாள். புதுப் பக்கம் முதல் நாளே சொதப்பியது என்று ஆனால் அவள் கதி என்ன?

"என் பக்கம் இருக்கிறதைப் படிக்குது மேடம், அவ்வளவுதான். எண்ணை யாரோ சர்வர்லயே வெட்டியிருக்காங்க. அதோட சாவி வக்திகிட்ட மட்டும்தான் இருக்கு."

இனாஸ் வக்தியின் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறாவதாக ஒருவருக்குச் சிவப்பு எரிந்தது. அவர் ஹைதம், இயக்குநரின் மருமகன். துபாயிலிருந்து விமானத்தில் இறங்கி நேரே வந்தவர். மனுவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்.

"என் மாமனார் கம்பெனி வாசல்ல என்னையே நிக்க வைக்கிறியா?" என்று அவர் குதித்த குதியில், சுபுஹி விளக்கைப் பார்க்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

ஷாஹெந்தாவுக்குச் சுருக்கென்றது. மருமகனை வெட்டி வக்திக்கு என்ன ஆகப் போகிறது? இத்தனை அழகாகக் கட்டிய கணக்கில் இந்த ஆள் எங்குமே ஒட்டவில்லை. எழுந்து வக்தியின் அறைக்குப் போனாள். அவர் பதறித் திரையை மாற்றுவதற்குள் பார்த்துவிட்டாள். பாதி ஆட்டத்தில் நிற்கிற சதுரங்கம்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் வக்தி அசட்டுச் சிரிப்போடு. "எதிராளி அர்ஜென்டினாக்காரன். படு கெட்டிக்காரன்."

"ஹைதமோட எண்ணை சர்வர்ல காட்டுங்க, உஸ்தாத்."

காட்டினார். எண் முழுசாக இருந்தது. கமாலாத்துடையதும் முழுசு. யாரும் எதையும் வெட்டவில்லை. ஆறு பேரின் எண்ணையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஆறிலும் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு பைட் வெறும் பூஜ்யம்.

அந்த அடையாள எண் எழுத்து அல்ல, வெறும் பைட்டுகளின் வரிசை. அதை அளவோடு சேர்த்து அப்படியே வாங்க ஒரு கட்டளை, எழுத்தாக வாங்க ஒரு கட்டளை என்று இரண்டு உண்டு. எழுத்துக் கட்டளை பூஜ்யத்தைக் கண்டால் சொல் முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். அவள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் போட்ட அதே எழுத்துக் கட்டளையை எண்ணுக்கும் போட்டிருந்தாள். அவள் எண்ணில் பூஜ்யம் இல்லை, அதனால் சோதனை முழுக்கப் பச்சையாகவே எரிந்தது. மனுவில் பாதி அலுவலகம் கையெழுத்துப் போட்டிருந்தது. அகப்பட்ட ஐவரும் அதில் இருந்தது வெறும் தற்செயல். பூஜ்யத்துக்கு மனுவும் தெரியாது, மருமகனும் தெரியாது.

"இதைத்தான் அன்னிக்குக் கேட்டேன்" என்றார் வக்தி. குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. "சரி, என் எண்ல பூஜ்யம் இருக்கா பாருங்க."

பார்த்தாள். "இல்லை, உஸ்தாத்."

"பாருங்க, எனக்கு அதிர்ஷ்டம்."

நேற்று இனாஸிடம் என்ன சொன்னாள் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பிழையைத் திருத்த ஓடினாள். ஒரு வரியை மாற்றியதும் ஆறு பேருக்கும் பச்சை எரிந்தது. கமாலாத் உள்ளே வந்ததும் எல்லோருக்கும் பஸ்பூசா இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். ஷாஹெந்தா இனாஸைத் தேடிப் போனாள். அவள் கெய்ரோ போயிருந்தாள். தொலைபேசியில் சொல்கிற விஷயமா இது? நாளைக்குச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஒரு துண்டு பஸ்பூசா தின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலுக்கு வெளியே வக்தி நின்றுகொண்டிருந்தார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"வாங்க இன்ஜினியரம்மா!" என்றார் சுபுஹி. "உங்க சீக்கு இன்னிக்கு உஸ்தாதைப் பிடிச்சிடுச்சு. உள்ள விடட்டா?"

வக்தி சிரித்தார். "நேத்து சரியாப் பார்க்கலையா? என் எண்லயும் ஒரு பூஜ்யம் ஒளிஞ்சிருக்கு போல."

ஷாஹெந்தா கைப்பேசியில் தன் பக்கத்தைத் திறந்தாள். கோளாறென்றால் பெயர் இருக்கும், எண்தான் அறுந்திருக்கும். இங்கே எண்கள் எல்லாம் முழுசாக இருந்தன. வக்தி என்ற பெயரே இல்லை. இனாஸின் பெயருக்குப் பக்கத்தில், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தற்காலிகமாக அவளுக்கு என்று புதிதாக ஒரு குறிப்பு இருந்தது.

"என்ன, இன்னும் அந்தக் கோளாறுதானே?" என்றார் வக்தி. சிரிப்பு முகத்தில் பாதி நின்றிருந்தது.

"இல்லை, உஸ்தாத். இப்ப சரியாத்தான் படிக்குது."

அவர் அட்டையை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டார். ஷாஹெந்தா கைப்பேசியை மூடினாள். தன் அட்டையைக் கதவில் காட்டவில்லை.

"என்கூட வாங்க. இனாஸ் மேடம் வண்டி வர்ற நேரம்தான். வாசல்லயே நிறுத்துவோம். நான் சொன்னதை நானே மாத்திச் சொல்லணும்."

வக்தி அவளையே பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.