அல்லியின் விடைத்தாள்

ஜெயப்ரியா டீச்சர் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைச் சுரக்குடியில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் தாவரவியல் பகுதி, மொத்தம் முப்பத்தெட்டுத் தாள். விடுமுறை முடிவதற்குள் திருத்திவிட வேண்டும். இரண்டாயிரத்து நான்காம் வருடம் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோராவது தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாகத் தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். சுரக்குடி வயல் சூழ்ந்த ஊர். தண்ணீர் அங்கே எட்டவில்லை. பள்ளிக்கூடம் இருந்த ஊரின் கரையோரத் தெருக்களில் எட்டியது.

மூன்று வாரம் கழித்துப் பள்ளி திறந்தார்கள். அதுவரை வீடிழந்த குடும்பங்கள் வகுப்பறைகளில்தான் தங்கியிருந்தன. சுவரோரங்களில் அடுப்புக் கரி இன்னும் போகவில்லை. ஜெயப்ரியா வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டாள். மூன்று பேருக்குப் பதில் வரவில்லை. கவியரசன், ஜவஹர் அலி, அல்லி. மூன்று பேரைப் பற்றியும் அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தப் பேர்களைக் கூப்பிடாமல் தாண்டிப் போக முடியவில்லை.

"மூணு பேருக்கும் மார்க் பதிவேட்டுல கோடு போட்டுருங்கம்மா. வேற என்ன பண்றது?" என்றார் தலைமையாசிரியர் சோமசேகரன்.

கோடு போட்டாள். முப்பத்தைந்து தாளைத் திருத்திக் கொடுத்தாள். மிச்சம் மூன்றையும் ஒரு பழைய உறையில் போட்டு ஆசிரியர் அறை பீரோவில் வைத்தாள். இரண்டு முறை வெளியே எடுத்தாள். இரண்டு முறையும் முதல் பக்கத்துப் பேரைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம் ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். யாரோ கொடுத்த சட்டை, தோள் கொள்ளாமல் தொங்கியது.

"டீச்சர், நான் கருப்பையன். அல்லியோட அப்பா."

ஜெயப்ரியா எழுந்துவிட்டாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "பக்கத்துக் கொட்டாய்ப் புள்ள பரீட்சைத் தாள் கொண்டாந்துச்சு. எங்க புள்ளையும் எழுதியிருக்கும்ல? வீட்டுல ஒண்ணுமே மிஞ்சலைங்க டீச்சர். போட்டோ இல்ல, நோட்டு இல்ல. அது கையால எழுதுனது எதாச்சும் இருந்தா..."

மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்த சோமசேகரன் நிமிராமலே சொன்னார். "வருஷம் முடியிறவரைக்கும் தாளெல்லாம் பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும். இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க." கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை. "கேட்டா நான் சொல்லிக்கிறேன். குடுத்துருங்கம்மா" என்றார்.

தாளை நீட்டியபோது கருப்பையன் உடனே வாங்கவில்லை. இரண்டு கையையும் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"எனக்குப் படிக்க வராது. எழுத்து நல்லாருக்கா டீச்சர்?"

"ரொம்ப நல்லாருக்கு. அடித்தல் திருத்தலே இல்ல."

"அந்தப் புள்ள தாள்ல பக்கத்துக்குப் பக்கம் செவப்பு மை இருந்துச்சு. இதுல இல்லையே?"

"நான் திருத்தலைங்க. மனசு வரல."

கருப்பையன் தாளை மேசைமேல் வைத்தார். "எழுதுனது எழுதுனதுதான டீச்சர்? எல்லாருக்கும் போட்ட மாதிரியே போடுங்க. வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே போடுங்க, நான் கேக்குறேன்."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். வேர்த்தூவி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது, இலையின் பச்சையம் வெயிலை வாங்கி உணவு தயாரிப்பது என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு சரிக்கும் தலையாட்டினார். பூவின் பாகங்களை அல்லி பூவரசம்பூ மாதிரி வரைந்திருந்தாள். அந்தப் படத்தின்மேல் அவர் விரலை வைத்து எடுத்தார்.

ஆறாவது விடையில் பேனா நின்றது. 'தாவரங்கள் இரவில் மட்டும் சுவாசிக்கின்றன.'

"என்னங்க டீச்சர்?"

"இது தப்பா எழுதியிருக்கா. செடி பகல்லயும் மூச்சு விடும், ராத்திரியும் விடும். உசிரோட இருக்குறவரைக்கும் நிறுத்தாது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கருப்பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பத் தப்புன்னே போடுங்க" என்றார்.

பெருக்கல் குறி கோணலாக விழுந்தது.

அடுத்த கேள்வி, ஓடுதண்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பாடப்புத்தகத்தில் வல்லாரை. இதுவரை திருத்திய தாள்களிலும் வல்லாரை என்றோ அருகம்புல் என்றோதான் எழுதியிருந்தார்கள். அல்லி 'அடப்பங்கொடி' என்று எழுதியிருந்தாள். ஜெயப்ரியா தயங்கினாள். கடற்கரை மணலில் ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருக்கும் கொடி என்பதுவரை தெரியும். அதைக் கையால் தொட்டதில்லை.

"அடப்பங்கொடியப் பத்தி உங்களுக்குத் தெரியுமா? தரையில ஓடும்போது அங்கங்க வேர் விடுமா?"

அறைக்குள் வந்ததிலிருந்து அவர் குரல் அப்போதுதான் தெளிந்தது. "கணுவுக்குக் கணு விடும் டீச்சர். ஒரு முனையப் புடிச்சு இழுத்தா சட்டுனு வராது, மணலக் கெட்டியாப் புடிச்சிருக்கும். வலை காயப் போடுறப்ப அதுல மாட்டிக்கும்னு எங்காளுங்க அறுத்து எறிவாங்க. அறுத்த துண்டும் பொழச்சுக்கும். அல்லி அதை வச்சுத்தான் வெளையாடும்."

"அப்ப அவ எழுதினது சரி" என்றாள் ஜெயப்ரியா. முழு மதிப்பெண் போட்டாள். புத்தகத்தில் இல்லாத விடைக்கு, அவள் வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் போட்ட முதல் மதிப்பெண் அது.

கூட்டிப் பார்த்தாள். ஐம்பதுக்கு முப்பத்தேழு.

"நல்ல மார்க்கா?"

"வகுப்புல நாலாவதுங்க." கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"நாலாவது" என்றார் கருப்பையன். இன்னொரு முறையும் சொன்னார். அதன்பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை அந்தப் பெரிய சட்டையின் கைக்குள் புதைத்துக்கொண்டார். சோமசேகரன் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார். வெகுநேரம் கழித்து, மடிக்காமல் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்கிக்கொண்டு கருப்பையன் கிளம்பினார். "அவ அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கு. அது படிச்சுக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் ஜெயப்ரியா மற்ற இரண்டு தாள்களையும் திருத்தினாள். பதிவேட்டில் போட்டிருந்த மூன்று கோடுகளுக்குப் பக்கத்திலும் மதிப்பெண்ணை எழுதினாள். சோமசேகரன் ஒன்றும் கேட்காமல் சுருக்கொப்பம் வைத்தார். ஜவஹர் அலியின் தாளை, துபாயிலிருந்து வந்திருந்த அவனுடைய வாப்பா வாங்கிப் போனார்.

கவியரசனின் தாளைக் கேட்டு யாரும் வரவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மணி அடித்துவிட்டதோ என்னவோ, மகரந்தச் சேர்க்கையைப் பற்றிய கடைசி விடை பாதியில் நின்றிருந்தது. எழுதியிருந்த அளவுக்கு ஜெயப்ரியா இரண்டு மதிப்பெண் போட்டிருந்தாள்.